வண்டி ஓட்டும் நாள் வேறு, விஸ்கி குடிக்கும் நாள் வேறு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர். இருவருக்கும் இப்போது 50 தாண்டிவிட்டது. செப்டம்பரில் 8 நாள் ஸ்காட்லாந்து போய், வாடகைக்குக் கார் எடுத்து, நாளைக்கு நான்கு வீதம் 30 டிஸ்டில்லரிகளை முடித்துவிட வேண்டும் என்று ஒருவர் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். மற்றவருக்கு விஸ்கியில் பெரிய ஈடுபாடு இல்லை. நண்பன் கூப்பிட்டான், அதனால் வருகிறார். எந்தப் பக்கம் போவது, எத்தனை இடம் பார்ப்பது, யார் ஓட்டுவது?

கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அது முடிவானால் மற்றவை தானாக வந்து விழும்.

நானும் என் நண்பனும் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை உங்கள் பட்டியல் மாதிரிதான் எங்கள் பட்டியலும் இருந்தது. அவன் ஓட்டினான், நான் குடித்தேன். ஸ்பேசைடு என்ற பகுதியில் ஒரே நாளில் நான்கு இடம். மூன்றாவது இடத்தில், வாலைகள் (சாராயம் வடிக்கும் பெரிய செம்புப் பானைகள்) இருக்கும் கூடத்தின் சூட்டில், வழிகாட்டிப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் நின்றபடி கண்ணயர்ந்துவிட்டேன். அன்றிரவு போனில் படங்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே மாதிரி செம்புப் பானைகள். எது எந்த ஊர் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, இட்லிக்கு ஏங்கும் முகத்தோடு ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டே அவன் சொன்னான்: "நீ டூர் வந்திருக்க. நான் உனக்கு டிரைவரா வந்திருக்கேன்."

30 வருஷப் பழக்கத்தில் அவன் அப்படிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அவன் சொன்னது சரி. இரண்டாம் முறை போனபோது ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கார் ஓடும் நாளில் இருவருமே குடிப்பதில்லை, குடிக்கும் நாளில் கார் நகர்வதில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். 30 வேண்டாம், எட்டுப் போதும். அந்த எட்டிலும் பாதியை நடந்தே போய்ப் பார்க்கும்படி ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

இது நட்புக்காக மட்டும் சொல்வதில்லை, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரில் வரம்பைக் குறைத்துவிட்டார்கள். 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்று இருந்தது 50 ஆனது. ஊதிப் பார்த்தால் 100 மில்லி மூச்சில் 22 மைக்ரோகிராம். ஒரு டூரில் கொடுக்கும் இரண்டு மூன்று சிறு அளவுகளே சிலருக்கு இந்தக் கோட்டைத் தாண்டப் போதும். பிடிபட்டுத் தண்டனை ஆனால் குறைந்தது 12 மாதம் ஓட்டத் தடை, அதோடு குற்றப் பதிவு. விசா எடுத்துப் போகிறவருக்கு அது அடுத்த பயணத்துக்கும் சேர்த்து வைக்கும் வேட்டு.

பலர் கோட்டை விடுவது மறுநாள் காலையில். பிரிட்டனில் ஆல்கஹாலை யூனிட் கணக்கில் சொல்வார்கள். 40 சதவீத விஸ்கி 25 மில்லி குடித்தால் ஒரு யூனிட். அங்கே பாரில் ஒரு அளவு என்பதும் 25 அல்லது 35 மில்லிதான். உடம்பு தோராயமாக மணிக்கு ஒரு யூனிட் வீதம் கழிக்கும். மாலை 6 மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவுக்குள் 14 யூனிட் உள்ளே போயிருந்தால், காலை 8 மணிக்கு முன் கணக்கு முடியாது. குளித்தாலும் காபி குடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆகவே மறுநாள் ஓட்டப்போகிறவர் முந்தின இரவே கடையைச் சீக்கிரம் கட்ட வேண்டும்.

ஓட்டுகிறவருக்கு இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெரும்பாலான டிஸ்டில்லரிகளில் "நான் டிரைவர்" என்று சொன்னால், உங்கள் பங்கைச் சிறு குப்பிகளில் ஊற்றி, லேபிள் ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். பகலெல்லாம் சேர்த்த குப்பிகளை இரவில் தங்குமிடத்து மேஜையில் வரிசையாக வைத்து, பல் துலக்க வைத்திருக்கும் டம்ளரில் ஊற்றிக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சுதான் அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. டிஸ்டில்லரியில் வழிகாட்டி சொல்லச் சொல்லக் குடிப்பது வேறு. கால் நீட்டி உட்கார்ந்து, 1990-களில் யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று கிண்டிக்கொண்டே குடிப்பது வேறு.

சரி, எந்தப் பக்கம் போவது? ஸ்காட்ச் சட்டப்படி ஐந்து பகுதிகள்: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா, கேம்பல்டவுன். 8 நாளில் இரண்டுக்கு மேல் தொட முயலாதீர்கள். என் தேர்வு ஐலாவும் ஸ்பேசைடும். ஒன்று மேற்குக் கடலில் இருக்கும் தீவு, மற்றது வடகிழக்கில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டிலும் வடிப்பது ஒரே பொருளா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சுவை வேறு. கேம்பல்டவுனை விடச் சொல்வதில் எனக்கு வருத்தம்தான். ஒரு காலத்தில் முப்பதுக்கு மேல் டிஸ்டில்லரிகள் இருந்த ஊர். இன்று மூன்றே பழைய பெயர்கள் மிச்சம். பார்லியை முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் செய்யும் ஸ்பிரிங்பேங்க் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று தனியாக இரண்டு நாள் வேண்டும். அடுத்த முறைக்கு வையுங்கள்.

விமானம் இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள். கிளாஸ்கோவில் ஒரு இரவு தூங்கி எழுந்து, மறுநாள் காலை கிளம்புங்கள். லாக் லோமண்ட் ஏரிக் கரையோரம் ஏ82 சாலை, பிறகு ஏ83. அதில் ஒரு கணவாய்க்குப் பெயரே "ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்". இளைப்பாறு, நன்றி சொல் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் அந்த ராணுவச் சாலையைப் போட்ட சிப்பாய்கள் உச்சியில் நட்டுவைத்த கல்லில் பொறித்த வாசகம் அது. பெருமழை பெய்தால் அங்கே மண் சரிந்து சாலை மூடப்படுவது உண்டு. அதனால் கப்பல் நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். இன்வரேரி, டார்பெர்ட் வழியாகக் கென்னக்ரெய்க் துறைமுகம். அங்கிருந்து கால்மேக் நிறுவனத்தின் கப்பல் காரையும் ஏற்றிக்கொண்டு சுமார் இரண்டு மணி நேரத்தில் ஐலாவில் இறக்கிவிடும். காருக்கான இடம் கோடையில் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். ஹோட்டலுக்கும் முன்னால் பதிவு செய்ய வேண்டியது இந்தக் கப்பலைத்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்தால் "இஸ்லே" என்று வரும். ஊரார் சொல்வது ஐலா. அங்குள்ள பெயர்கள் பழைய கேலிக் மொழிப் பெயர்கள், நம் ழகரம் மாதிரி வெளியாட்களை மடக்கிவிடும். டிஸ்டில்லரிகளின் பெயர்களை லஃப்ராய்க், லகவூலின், புன்னஹாவன் என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் ஏரியைக் குறிக்கும் "லாக்" என்ற சொல்லின் கடைசி ஒலி ஆங்கிலேயருக்கே வராது. நாம் "அகம்", "பகல்" என்று சொல்லும்போது வரும் மெல்லிய ககரம் அதற்கு ரொம்பப் பக்கம். நான் சொன்னதைக் கேட்டு ஒரு கடைக்காரர் மெனக்கெட்டுப் பாராட்டினார்.

ஐலாவில் போர்ட் எலன் என்ற சிற்றூரில் மூன்று இரவு தங்குங்கள். ஏன் அங்கே என்றால், ஊரைத் தாண்டியதும் கடலோரமாக ஒரு நடைபாதை தொடங்குகிறது. மூன்று மைல் சொச்சத்துக்குள் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் வரிசையாக வந்துவிடும். 1815, 1816 காலத்துப் பெயர்கள் எல்லாம். காரைத் தங்குமிடத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை அறையிலேயே வைத்துவிட்டு நடங்கள். காலை 10 மணிக்கு லஃப்ராய்க் டூர், மதியச் சாப்பாடு ஆர்ட்பெக்கில், திரும்பும் வழியில் லகவூலினில் ஒரு சுவைப்பு. ஒரு நாளுக்கு அவ்வளவுதான். வழியில் ஆடுகள், காற்று, எப்போது வேண்டுமானாலும் வரும் மழை. குடை பிரயோஜனப்படாது, காற்று மடக்கிப்போடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும்.

லஃப்ராய்க்கில் கட்டாயம் பார்க்க வேண்டியது முளைகட்டும் தளம். ஊறவைத்த பார்லியை ஒரு பெரிய கூடத்தின் தரை முழுக்க, அதிக உயரமில்லாமல் பரப்பியிருப்பார்கள். முளை விடும்போது பார்லி சூடாகும். கையை உள்ளே விட்டால் இளஞ்சூடு தெரியும். அப்படியே விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். அதனால் ராப்பகலாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பயறு முளைகட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு தானியத்தைக் கையில் வைத்து நசுக்கினால் மாவாக உதிரும். அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் வேலையை ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம். சரியான கட்டத்தில் முளையை நிறுத்த, பார்லியைச் சூளையில் உலர்த்துவார்கள். ஐலாவின் சமாச்சாரமே அந்தச் சூளையில்தான் இருக்கிறது.

அங்கே மரங்கள் குறைவு. எரிக்கக் கிடைத்தது பீட், அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சதுப்பில் மக்கி இறுகிய செடிகொடிகள். செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அந்தப் புகையில் உள்ள பீனால் பார்லியில் ஏறிவிடும். பிறகு எத்தனை முறை வடித்தாலும், எத்தனை வருடம் பீப்பாயில் போட்டாலும் முழுசாகப் போகாது. லஃப்ராய்க்கை முகர்ந்ததும் என் நண்பன் சொன்னது: "டேய், சின்ன வயசுல முட்டி பேந்தா போடுவாங்களே டிஞ்சர், அதுடா இது." நிபுணர்களும் அயோடின் என்றுதான் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இந்த வாசனையைக் காட்டியே மருந்து என்று விற்றார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். முகர்ந்து பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

அந்த இடத்தை நடத்திய பெஸ்ஸி வில்லியம்சன் கதையையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். 1934-இல் ஒரு கோடைக்கு மட்டும் டைப்பிஸ்டாக வந்தவர். 1954-இல் முதலாளி இயான் ஹன்டர் இறந்தபோது டிஸ்டில்லரியையே அவருக்கு எழுதிவைத்துவிட்டார்.

முளைக்குப் பிறகு நடப்பது நமக்குப் புரியாத வித்தை இல்லை. பார்லியை அரைத்து வெந்நீரில் கலந்து இனிப்பு நீரை வடிகட்டி, ஈஸ்ட் போட்டுப் பெரிய மரத்தொட்டிகளில் நொதிக்க விடுவார்கள். நம் ஊர்ப் போலீஸ் செய்தியில் "ஊறல்" என்று வருமே, அதேதான், சட்டபூர்வமான ஊறல். இரண்டு மூன்று நாளில் பீர் அளவுக்கு, சுமார் 8 சதவீதம் வரும். செப்பு வாலையில் ஒரு முறை வடித்தால் இருபது சொச்சம். இரண்டாம் முறை வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வரும் பகுதியை மட்டும் பிடிப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதில் வீட்டுக்கு வீடு வித்தியாசம். வடிந்து வருவது ஓடும் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று அதை வெட்டும் மனிதரைக் கொஞ்ச நேரம் பேசாமல் கவனியுங்கள். வெளியே வரும் திரவம் தண்ணீர் போல நிறமற்றுத்தான் இருக்கும். நிறமும் சுவையில் பெரும்பகுதியும் பீப்பாய் கொடுப்பது. ஸ்காட்லாந்து மண்ணிலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தால்தான் ஸ்காட்ச் என்ற பெயர். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சேர்க்க அனுமதி உள்ளவை தண்ணீரும், நிறத்துக்காகச் சாதாரண கேரமலும் மட்டும். அதனால் "கறுப்பாக இருக்கிறது, பழசாக இருக்கும்" என்று நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பாட்டிலில் போட்டிருக்கும் வயது, அதில் கலந்துள்ளவற்றில் மிக இளையதன் வயது.

தீவில் மறுநாள் கார் நாள். கில்டால்டன் சிலுவை என்று 8ஆம் நூற்றாண்டுக் கல் சிலுவை ஒன்று, கூரையில்லாத சிறு தேவாலயத்தின் முற்றத்தில் நிற்கிறது. காலையில் அங்கே போங்கள், பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு போமோர். 1767-இல் கட்டிய அந்த ஊர்த் தேவாலயம் வட்டமாக இருக்கும். சாத்தான் ஒளிந்துகொள்ள மூலை இருக்கக் கூடாதாம். 1779-ஐத் தொடக்கமாகச் சொல்லும் போமோர் டிஸ்டில்லரியின் பழைய கிடங்கு கடல் மட்டத்துக்குக் கீழே போகிறது. மண்தரை, ஈரம், இருட்டு, ஓக் மரமும் ஆல்கஹாலும் கலந்த வாசனை. பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்தக் கிடங்கில் மூச்சு இழுத்தால் தேவதைகளின் பந்தியில் நமக்கும் ஓர் இலை போட்ட மாதிரி. வாங்கும் குப்பிகளை டிக்கியில் போட்டுக்கொண்டு, மேற்கே கில்ஹோமன் வரை போய் மாஹிர் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்புங்கள். கில்ஹோமன் 2005-இல் தொடங்கியது, பண்ணைக்குள் இருக்கும் டிஸ்டில்லரி. போர்ட் எலன் ஊரின் பெயரிலேயே இருந்த டிஸ்டில்லரி 1983-இல் மூடப்பட்டு 2024-இல்தான் திரும்பத் திறந்தது. நேரமிருந்தால் வெளியே நின்று பாருங்கள்.

சாலைகள் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது பழகியது. பழகாதது ஒற்றைத் தடச் சாலை. ஒரே ஒரு வண்டி போகும் அகலம், அங்கங்கே ஒதுங்க ஓர் அகன்ற இடம். எதிரே வண்டி தெரிந்தால், ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராகச் சாலையிலேயே நின்று அவரை ஒதுங்க விடுங்கள். போட்டோ எடுக்க அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் ஊரே திட்டும். ஐலாவில் எதிரே வரும் ஒவ்வொரு டிரைவரும் ஸ்டியரிங்கிலிருந்து விரலை உயர்த்தி வணக்கம் வைப்பார். நீங்களும் வைக்க வேண்டும். முதல் நாள் "இவரை உனக்குத் தெரியுமா?" என்று நண்பன் கேட்டுக்கொண்டே வந்தான். கடைசி நாள் அவனே பக்கத்து சீட்டிலிருந்து ஆடுகளுக்கும் கை காட்டினான். கியர் இல்லாத வண்டி வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் நாள் கப்பலில் திரும்பி ஓபன் போய்ச் சேருங்கள், ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். 1794-இல் தொடங்கிய டிஸ்டில்லரியைச் சுற்றி வளர்ந்த கடற்கரை ஊர் அது. வண்டியை நிறுத்திவிட்டால் எல்லாம் நடந்துபோகும் தூரம். துறைமுகத்தில் மீன் சாப்பிடுங்கள். மறுநாள் கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம், லாகன், அவிமோர் வழியாக ஸ்பேசைடுக்கு நான்கு மணி நேரம். கிளென்கோ பள்ளத்தாக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தும் சங்கடம் தோன்றாமல் இருப்பது பழைய நண்பர்களுக்குத்தான் வாய்க்கும். வழியில் க்ளென்லிவெட். 1823-இல் வரிச்சட்டம் தளர்ந்ததும் 1824-இல் அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் லைசென்ஸ் எடுத்தவர் ஜார்ஜ் ஸ்மித். சுற்றியிருந்த கள்ளச்சாராயக்காரர்கள் கொளுத்திவிடுவோம் என்று மிரட்ட, அபெர்லூர் ஜமீன்தார் கொடுத்த இரண்டு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாராம். இன்னொரு பக்கம் கார்டூ டிஸ்டில்லரி. அங்கே ஹெலன் கம்மிங் என்ற அம்மாள், வரி அதிகாரிகள் சாப்பிட வந்து உட்கார்ந்ததும் வெளியே சிவப்புக் கொடி ஏற்றி அக்கம்பக்கத்தாரை உஷார்படுத்துவாராம். எனக்கு ஸ்மித்தைவிட இந்த அம்மாளைத்தான் பிடிக்கும்.

ஸ்பேசைடில் டஃப்டவுனில் தங்குங்கள். ஏழு குன்றுகளில் ரோம் எழுந்தது, ஏழு வாலைகளில் டஃப்டவுன் நிற்கிறது என்று அங்கே ஒரு பழைய வரி உண்டு. ஏழாம் நாள் நடை நாள். ஊரிலிருந்து நடந்தே க்ளென்ஃபிடிக் டிஸ்டில்லரிக்குப் போகலாம், பக்கத்திலேயே பால்வெனி. 1887 கிறிஸ்துமஸ் அன்று க்ளென்ஃபிடிக்கில் முதல் வடிப்பு இறங்கியது. இன்றும் அதே கிரான்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இங்கே புகை கிடையாது. ஆப்பிள், தேன், வெண்ணிலா ஒரு பக்கம். ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்ததாக இருந்தால் உலர்திராட்சை, பேரீச்சம்பழம், பிளம் கேக் இன்னொரு பக்கம். டிஞ்சர் வேண்டாம் என்ற என் நண்பன் இங்கேதான் உட்கார்ந்தான். பீப்பாய்க் கணக்கும் இங்கே புரியும். அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் என்ற அந்நாட்டு விஸ்கிக்கு உள்பக்கம் கருக்கிய புது ஓக் வேண்டும். ஒருமுறை நிரப்பிய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி ஆகாது. அந்த 200 லிட்டர் பீப்பாய்கள் இங்கே வந்து சேர்கின்றன. ஷெர்ரி பீப்பாய் பெரிது, 500 லிட்டர் வரை.

எட்டாம் நாள் எடின்பரோ கிளம்பும் முன், வார நாளாக இருந்தால், கிரெய்கெலகியில் பீப்பாய் செய்யும் பட்டறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டிஸ்டில்லரி டூரே பிடிக்காதவருக்கும் இது பிடிக்கும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பலகைகளை வட்டமாக நிறுத்தி, இரும்பு வளையத்தைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்து இறக்குகிறார்கள். மூடிப்பலகைகளின் இடுக்கில் காய்ந்த கோரையை வைத்து அடைப்பார்கள். செய்த பீப்பாய்க்குத்தான் கூலி என்பதால் ஒருவரும் நிமிர்ந்து நம்மைப் பார்ப்பதில்லை.

குடிப்பது பற்றி. டூரில் தருவதை ராவாக மடக்கென்று ஊற்றிக்கொள்ளாதீர்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள், மூக்கு எரியாது. முதல் வாய் நாக்கைப் பழக்க, இரண்டாவதில்தான் சுவை தெரியும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். 55, 60 சதவீதத்தில் பீப்பாயிலிருந்து நேராக வருவதற்குத் தண்ணீர் அவமரியாதை அல்ல, அங்கே எல்லோரும் விடுகிறார்கள். 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் போட்டுப் பார்த்ததில், புகை மணம் தரும் குவாயகால் மூலக்கூறு, தண்ணீர் சேரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருவது தெரிந்தது. புகையில்லாததில் ஆரம்பித்துப் புகையுள்ளதில் முடியுங்கள். பிடிக்காததைத் துப்பப் பாத்திரம் கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் சென்ட் அடிக்காதீர்கள்.

நண்பரைப் பற்றியும் கொஞ்சம். 22 வயதில் யார் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். இப்போது அவருக்குச் சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ இருக்கலாம். கிளம்பும் முன் வெட்கப்படாமல் பேசி, டாக்டரையும் கேட்டுவிடுங்கள். அறை தனித்தனியாக எடுங்கள். குறட்டை நட்பைச் சோதிக்கும். ஆரம்பத்திலேயே இருவரும் சமமாக ஒரு தொகையைப் பொதுப் பர்ஸில் போட்டு, பெட்ரோல், சாப்பாடு, டூர் எல்லாம் அதிலிருந்து கொடுங்கள். சாதாரண டூர் 15 முதல் 30 பவுண்டு வரை ஆகும், கிடங்கில் உட்கார்த்திவைத்துப் பழைய சரக்கு ஊற்றுவது அதைப்போல் சில மடங்கு. பழைய சரக்கை ஒருவர் மட்டும் ஆசைப்பட்டால் அதை அவர் தன் பணத்தில் பார்த்துக்கொள்ளட்டும். விஸ்கியில் ஈடுபாடு இல்லாத நண்பருக்கு ஒரு முழு நாளின் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். எங்கே போவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவர் முடிவு. கில்டால்டன் சிலுவையை எனக்குக் காட்டியது அப்படி அவன் எடுத்துக்கொண்ட நாள்தான்.

செப்டம்பர் நல்ல தேர்வு. கோடையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மேற்குக் கரையில் மனிதனை விரட்டிவிடும். செப்டம்பர் போகப்போக அது அடங்கும். சில டிஸ்டில்லரிகள் கோடையில் சில வாரம் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தும். போகும் தேதியில் வாலை ஓடுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

பாட்டில் வாங்குவதென்றால், விமான நிலையத்திலும் கிடைப்பதை அங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். சில இடங்களில் ஒரு பீப்பாயை நிறுத்தி, நீங்களே பாட்டிலில் பிடித்து, மூடி, லேபிளில் கையால் எழுதிக்கொள்ள விடுவார்கள். அது வேறெங்கும் கிடைக்காது. 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளதைச் செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் வரை வைக்கலாம். அதற்கு மேல் காட்டமானதை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போய் இறங்கும் நாட்டில் எத்தனை லிட்டருக்கு வரி இல்லை என்பது தனிக் கணக்கு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றுதான் பிடித்தோம், கம்பளிக் காலுறையில் சுற்றி ஷூவுக்குள் சொருகிக் கொண்டுவந்தோம். அவன் வீட்டில் இருக்கிறது. இருவரும் இருக்கும்போது மட்டும் திறப்பது என்று பேச்சு. பாதிக்குக் கீழே இறங்கியதும் ஒரு சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிட்டான். காற்று அதிகமானால் மணம் போய்விடும்.